குடைக்குள் எழுதிய எண்கள்

என் வீட்டுக்காரர் தையல்காரர். வேலை முடிந்தால் தூரத்தில் இருப்பவர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோதான் அவருக்கு உலகம். மீன்பிடிப் படகில் போகும் என் தம்பி கடலிலிருந்து அதில்தான் பேசுவான். தெரு மின்கம்பி வழியாக இன்டர்நெட் விட்டதிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல்.

புயலடித்த அன்று, "மாமா, படகுல தண்ணி..." என்ற தம்பியின் குரல் இரைச்சலில் அமுங்கிவிட்டது.

இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க, இவர் மெயின் சுவிட்சை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டினார். அப்போதும் இரைச்சல். "துணின்னா வெட்டித் தைக்கலாம், தெருக்கம்பியை என்ன பண்றது?" என்றபடி ரேடியோவையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு மின்கம்பமே இல்லாத மைதானத்துக்கு ஓடினார். நான் கடவுளைக் கூப்பிட்டபடியே குடை பிடித்தேன்.

அங்கே குரல் தெளிந்தது. படகு இருக்கும் இடத்துக்குத் தம்பி சொன்ன அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தையல் சாக்குக்கட்டியால் குடையின் உள்பக்கம் எழுதினார். ஓர் எண் தவறினாலும் தம்பி போய்விடுவானே என்று, மீட்புப் படைக்குப் போனில் மூன்று முறை வாசித்தேன்.

"கிளம்பிட்டோம்மா" என்றார்கள்.