அக்காவின் கைகளுக்குப் போட்ட மருந்து

காய்ந்த நல்லெண்ணெயில் குங்கிலியப் பொடியைப் போட்டதும் முதலில் ஒரு சீறல் எழும். பிறகு கோயில் தூபத்தைப் போன்ற வாசனை அடுப்பங்கரை முழுவதும் பரவித் தொண்டையைப் பிடிக்கும். பொடி உருகிப் பழுப்பானதும் துணியில் வடித்து, உருளி என்ற வெண்கலப் பாத்திரத்தில் இருக்கும் குளிர்ந்த கிணற்று நீரில் ஊற்றி, கையால் அடித்து அடித்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மாற்றி ஏழெட்டு முறை கழுவினால் பழுப்பெல்லாம் போய், புதிதாகக் கடைந்த வெண்ணெய்போல வெள்ளையாகத் திரண்டு வரும். அதற்குப் பெயரே குங்கிலிய வெண்ணெய்தான். கைவெடிப்புக்கு எங்கள் வீட்டில் தெரிந்த மருந்து அது ஒன்றே. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு மகர மாதம், தமிழ்க் கணக்கில் தை, முழுவதும், காலையிலும் மாலையிலும் அதை என் அக்காவின் கைகளில் பூசி விட்டவள் நான்.

நாங்கள் திருவனந்தபுரத்தில், கரமனையில் இருந்தோம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முந்திய காலம். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த அப்பா, ஆற்றை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வெற்றிலைக் கொடி போட்டிருந்தார். ஊடே பயறும் கீரையும் இருக்கும். வெற்றிலைக் கொடி கைக்குழந்தையைப் போன்றது, ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் வாடிப்போய் முகத்தைக் காட்டும். ஆற்றில் இறங்கிக் குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றுவது அம்மாவின் வேலையாக இருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவை "அம்மை" என்றுதான் கூப்பிடுவோம். அம்மைக்கு முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனபோது, ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா செண்பகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. அம்மைக்கு முதுகு ஓரளவு சரியான பிறகும் குடம் அக்காவின் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

இரண்டு வருஷத்தில் அக்காவின் கைகள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. தண்ணீர், ஈரமண், கொடிக்குப் போடும் அடுப்புச் சாம்பல், பிறகு மார்கழியான தனு மாதத்துக் காய்ந்த காற்று. எல்லாம் சேர்ந்து விரல் மடிப்புகளிலும் உள்ளங்கை ஓரங்களிலும் தோலைப் பிளந்துவிட்டன. பிளவுகளுக்குள் சாம்பல் ஏறிக் கறுத்த கோடுகளாகத் தெரியும்; கையை விரித்தால் கறுப்புக்கு நடுவே சிவப்பு தெரியும். புளி பட்டால் எரியும் என்பதால், நாங்கள் கஞ்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பலா இலைக் கரண்டியை அக்கா குழம்புச் சோற்றுக்கும் வைத்துக்கொண்டாள். அழுது நான் பார்த்ததில்லை. "கை காந்துகு" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் பழைய டீச்சர் வீட்டுக்கு வந்தார். மலையாளத்துக்காரர், வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாகத் தோட்டத்து வரப்பிலேயே நடந்து வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளே, இது படிக்கேண்ட குட்டியாணு. இடவத்தில் ஒரு பரீட்சை உண்டு. எழுதி ஜெயிச்சா பெரிய ஸ்கூல்ல சேர்க்கும். மறுத்துப் பறயருது" என்றார். இது படிக்க வேண்டிய பெண், வைகாசியில் பரீட்சை, மறுத்துச் சொல்லக் கூடாது என்று அர்த்தம். அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்று கேட்டார். "எழுதட்டும் டீச்சர். நான் தடை சொல்ல மாட்டேன்" என்றார். அக்கா குடத்தோடு நின்றிருந்தாள். அதிலிருந்து தண்ணீர் வழிந்து பாவாடை நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். பேனாக் கட்டையைப் பிடிக்க ஆள்காட்டி விரலை மடக்கியதும் வெடிப்பு திறந்துகொண்டு, மூன்றாவது வரியில் மைக்குப் பக்கத்தில் ரத்தம் விழுந்தது. அதைப் பார்த்த அம்மை உள்ளே போனாள். மறுநாள் அப்பா சாலைக் கடைத்தெருவுக்கு வெற்றிலை கொண்டுபோய்த் திரும்பும்போது குங்கிலியப் பொட்டலத்தோடு வந்தார். "இனிமே செண்பகம் தோட்டத்துக்கு வரவேண்டாம், தண்ணிய நான் பாத்துக்கிடுகேன்" என்றார். அம்மை என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி பகவதி, ரெண்டு நேரமும் அக்காளுக்குக் கையை நல்லாத் தேச்சு விடணும், கேட்டியா? எழுதப் போற கையாக்கும்" என்றாள்.

எனக்கு அது பெரிய பதவி கிடைத்ததுபோல இருந்தது. இளஞ்சூடான கஞ்சித் தண்ணீரில் அக்காவின் கைகளைக் கொஞ்ச நேரம் ஊற வைப்பேன். ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுத்து, வெண்ணெயை ஒவ்வொரு வெடிப்பாக விரல் நுனியால் அடைப்பேன். பிறகு அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக் கட்டுவேன். முதல் வாரம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரத்தில் கறுப்புக் கோடுகள் மங்கின. அதற்குப் பிறகு, என் மடியில் கையை வைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே இருப்பாள். பெரிய பள்ளிக்கூடத்தில் பூகோளத்துக்குத் தனி அறையே உண்டாம், அங்கே சுழற்றினால் சுற்றும் உலக உருண்டை இருக்குமாம். "அதுல நம்ம ஆறு இருக்குமாட்டி?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, "இருக்காது, இது சின்ன ஆறு" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

அம்மையின் கைகளும் வெடித்துத்தான் இருந்தன. அத்தனை நாளில் அந்த உருளியிலிருந்து ஒரு துளிகூட அவள் எடுத்துப் பூசிக்கொண்டதில்லை. எடுக்கச் சொல்லி நான் ஒருமுறை நீட்டியபோது, "ஏட்டி, வேண்டாம், குறைஞ்சு போவும்" என்றாள்.

தை முடிந்து கும்ப மாதம் பிறந்த இரண்டாவது நாள், மத்தியானம், அம்மை தகரப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புப் பட்டுப் பாவாடையை எடுத்து என் இடுப்பில் வைத்து அளவு பார்த்தாள். அக்கா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள். எதற்குப் பட்டுப் பாவாடை என்று கேட்டேன். அம்மை, "நாளைக்கு அக்காளைப் பொண்ணு பாக்க வாறாங்க. நல்ல இடம். வயலு, வீடு எல்லாம் உண்டு" என்றாள்.

"அப்பம் பரீட்சை?"

"அது சும்மா. பொறவு பாப்போம்."

"மருந்து எழுதத்தானே போட்டோம்?"

அம்மை பாவாடையை மடித்தாள். "கார்த்திகைத் திருவிழாவுல அந்த வீட்டு அம்மா இவளைப் பாத்திருக்கா. மொகம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஆனா கை மண்ணு வெட்டுகவ கைன்னு சொல்லி அனுப்பினாளாம். அப்பா கிடந்து தவிச்சாரு. அதுக்காக்கும் இந்த மருந்து. அவகிட்டச் சொல்லிராதே. சொன்னேன்னா போயிச் சாம்பலுக்குள்ள கையை விட்டுருவா. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணினேன். டீச்சர் வந்தது உண்மை. அவர் சொன்ன பரீட்சையும் உண்மை. வீட்டில் சொன்ன மற்றதெல்லாம் பொய் என்று அந்த ஒன்பது வயதில் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. ஒரு மாதமாக நான் தடவித் தடவி மென்மையாக்கியது அந்த வீட்டு அம்மாவுக்காக. இருந்தாலும் பாவாடையின் பளபளப்பு கண்ணிலேயே நின்றது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அன்று மாலையும் கஞ்சித் தண்ணீரைச் சூடாக்கினேன். அக்கா என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவை சுத்தமாக ஆறியிருந்தன. "பாத்தியா, இனி ஒரு பக்கம் முழுசா எழுதலாம்" என்று விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள். நான் குனிந்தபடியே தேய்த்தேன். என்றைக்கும்விட அதிக நேரம் தேய்த்தேன். என்ன ஊமையா இருக்கே என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மறுநாள் காலையில் பூ வைத்துப் பின்னிவிடும்போதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பருத்த, நல்ல முகம் கொண்ட பெண்மணி. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கையைக் காட்டு மக்கா" என்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். "நான் தூரத்துல நின்னு பாத்ததுல தப்பாச் சொல்லிட்டேன் போல. பஞ்சு மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார்.

அப்பா, "வெயிலு கண்டறியாத பிள்ளையாக்கும். வீட்டுக்குள்ளேயே வளந்தது" என்றார்.

இரண்டு வருஷமாக அப்பாவுக்கு முன்னால் குடத்தோடு நடந்தவள் அவள். அக்கா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் சிவப்புப் பாவாடையில் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா கிணற்றடிக்கு வந்து என்னைக் கேட்டாள்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"நேத்தைக்கு."

"நேத்து சாயந்தரமும் தேச்சு விட்டியேட்டி."

அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய்க் குடத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அத்தனை நாளும் காலை முதல் பொழுது சாயும்வரை ஆற்றுக்கும் கொடிக்காலுக்குமாக நடந்தாள், வெறுங்கையால் சாம்பலை அள்ளிப் போட்டாள். அம்மை கெஞ்சினாள், உருளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அப்பா மட்டும் "விடு" என்றார். மாப்பிள்ளை மணவறையில் கைபிடித்தபோது அவருடைய முகம் ஒரு கணம் மாறியதை நான் பார்த்தேன். முழுக்கையையும் பிடித்திருந்தவர் விரல் நுனியை மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். நல்ல மனிதர், கடைசிவரை அக்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் "வெயிலு கண்டறியாத" மருமகளுக்கு அந்த வீட்டிலும் நடவும் களையும் அறுப்பும்தான் காத்திருந்தன.

டீச்சர் இடவ மாதத்தில் மறுபடியும் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு திரும்பினார். இரண்டடி போனவர் நின்று, என்னைக் காட்டி, "இவளெயெங்கிலும் நிறுத்தாதே" என்றார், இவளையாவது நிறுத்தாதே என்று. அப்பா நிறுத்தவில்லை. நான் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பின்னாளில் டீச்சர் வேலைக்கும் போனேன். அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. நேரில் போனால் மீன் குழம்பு வைத்துச் சோறு போடுவாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், சிரிப்பாள். ஒருமுறை அவள் கைகளைப் பார்த்துவிட்டு மருந்து கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "ஒன் கையால வேண்டாம்" என்றாள், சாதாரணமாக, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கும் அதே குரலில்.

அத்தான் காலமான பிறகு, பிள்ளைகளுக்கு நிலத்தைப் பிரித்து எழுத அக்கா பத்திர ஆபீசுக்கு வந்தாள். சாட்சிக்கு நானும் போனேன். "ஒப்பு போடுவீங்களா, கைநாட்டா?" என்று குமாஸ்தா கேட்டார். அக்கா இடது பெருவிரலை நீட்டினாள். ரேகைக்குக் குறுக்கே வெடிப்புகள் விழுந்திருந்ததால், மையில் தோய்த்து மூன்று தடவை வைத்தும் வெள்ளைக் கோடுகள்தான் பதிந்தன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

அக்கா போய் மூன்று வருஷமாகிறது. கரமனையில் எங்கள் கொடிக்கால் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஆற்றில் இறங்கும் படி எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் குடம் தூக்கும் பெண்ணை அந்தப் பக்கம் எங்கும் காணோம். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகள் புத்தகப் பையோடு மலையாளத்தில் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் அக்காவின் மூத்த மகன் வந்திருந்தான். நான் அவளுக்கு எழுதிய பழைய கடிதாசுகளைக் கையோடு கொண்டுவந்து புரட்டிக்கொண்டிருந்தவன், "அம்மைக்கு எழுத்து வாசனையே கிடையாதுல்லா, பாவம்" என்றான்.

"ஆறாங்கிளாஸ்ல முதல் பிள்ளை உங்கம்மை. எழுதவும் தெரியும், வாசிக்கவும் தெரியும்" என்றேன்.

அவன் சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க சித்தி" என்றான்.