சுண்ணக்கட்டி ஆடு

சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகிறவனுக்கு ரோட்டில் ஆணி கிடக்கும்வரை சோறு உண்டு. ஜப்பான்காரன் ஆண்ட, டயரே கிடைக்காத காலத்தில் ஆணி கிடந்து என்ன பயன்? இந்தத் தொழிலில் கை கருத்தவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

மூன்று கால்

மலாய்நாட்டுக் காஜா பேராங்கில் என் கடை. தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டி, உள்ளே கம்பி விட்டு முறுக்கி, டயருக்குப் பதிலாகச் சக்கரத்தில் மாட்டிக் கொடுப்பேன். வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. என் மனைவி லெட்சுமிக்குப் பால் போதவில்லை, கடைகளில் டின் பாலும் இல்லை. பக்கத்துச் செட்டிக் கம்பத்தில், தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பில், ஒருவரிடம் கறவை ஆடு இருந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு வேண்டாம், தன் வீட்டு நான்கு சைக்கிளுக்கும் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிப்போ என்று மலாயில் சொல்லிவிட்டார். ஆக எட்டுச் சக்கரம். ஒவ்வொன்று முடிந்ததும் கடைப் பலகையில் சுண்ணக்கட்டியால் ஆட்டின் ஓர் உறுப்பை வரைவேன். முதலில் நான்கு கால், பிறகு உடம்பு, தலை, வால், கடைசியில் மடி.

எதிர்க் காப்பிக்கடை மருதமுத்து, நோட்டுகளைச் சாக்கில் அமுக்கி வைப்பவர். பலகையைப் பார்த்துச் சிரித்தார். "நான் மூணு சாக்கு சேத்துட்டேன் தம்பி. நீ இன்னும் மூணு காலுதானா?"

புத்தி மேயப் போனது

அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆடு தலைவரை வளர்ந்திருந்த நேரத்தில், மிச்ச இரண்டு சக்கரத்துக்கு வைத்திருந்த குழாயை ஒரு தரகரிடம் விற்று நானும் அரைச் சாக்கு நோட்டு சேர்த்தேன். அன்று ராஜநடைதான். மறுவாரம் அதே நோட்டுக்கு ஒரு முழம் குழாய்கூடக் கிடைக்கவில்லை. வெட்கத்தோடு சாக்கை வீட்டில் இறக்கினேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. லெட்சுமி திட்டவில்லை. சாக்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "கறந்து பாருங்க, ஒரு சொட்டாவது வருதான்னு."

வாலும் மடியும்

மறுநாள் என் சொந்தச் சைக்கிளின் இரண்டு குழாயையும் கழற்றி ஆட்டுக்காரர் சைக்கிளுக்கு மாட்டினேன். வால் வந்தது, மடியும் வந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்தத் தெருவில் சைக்கிளில் போனபோதுகூட அத்தனை சந்தோஷமாகப் போனதில்லை. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது.

விடிந்ததும் மருதமுத்து டம்ளரோடு வந்து நின்றார். பல மாதமாக அவர் கடையில் வெறும் கடுங்காப்பிதான். "அண்ணே, அரை டம்ளர் பால் கிடைக்குமா? ஒரு சாக்கு தர்றேன்."

பாலைக் கொடுத்தேன், நோட்டை அவரிடமே கொட்டிவிட்டு வெறும் சாக்கை மட்டும் வாங்கி ஆட்டுக்கு விரித்தேன். ஆக, சாக்குக் கணக்கிலும் நான் ஒன்று சேர்த்துவிட்டேன்.