நாலாவது கொக்கி

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. ஊரில் எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான் ஒருத்திதான். எனக்கு அது எப்போதும் பெருமையாகத் தோன்றியதில்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர்கள். கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவருக்குப் புதுக்கோட்டையில் வாத்தியார் வேலை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, பங்குனிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் ஏழு மாசம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவரோடு தெருத் தெருவாக வீடு பார்த்தேன். எல்லா வாசலிலும் வீட்டைக் காட்டுவார்கள், மோர் கொடுப்பார்கள், பிறகு "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். இவர் சொல்வார். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போதுதான் மேல நாலாம் வீதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஊரில் அவர் பங்கு நிலத்தை விற்ற பணம் கையில் இருந்தது. வீடு உலகச் சண்டைக்கு முந்திக் கட்டினது. அந்த நாளில் அப்படிச் சொன்னாலே போதும், பர்மாத் தேக்கு, நல்ல சிமெண்டு என்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். நாலு சமஸ்தான உத்தியோகஸ்தர்கள் சங்கமாகச் சேர்ந்து எழுப்பிய ஒரே கட்டடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு, நாலுக்கும் ஒரே மாடிப்படி, ஒரே கிணறு. ஒருவர் தன் பாகத்தை விற்க வேண்டுமானால் மற்ற மூன்று வீடும் சம்மதிக்க வேண்டும். கீழ்வீட்டில் இருந்த சங்கக் காரியதரிசி சரி என்றால் மற்ற இரண்டு பேரும் சரி என்பார்கள். அவர் சமஸ்தானக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வெங்காயம்கூட வீட்டுக்குள் நுழையாத சைவர்.

என் வீட்டுக்காரர் முதல் தடவை தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல மனுசன். உக்காரச் சொல்லி கேசரி குடுத்தாரு. இன்னைக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடுங்கன்னேன். ரொம்பச் சந்தோசம்னாரு. ஞாயித்துக்கெழமை காலையில ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. காலையில பூசை இருக்குங்க, சாயந்தரம் வாரோம்னேன். அதுக்கும் சந்தோசப்பட்டாரு."

அவர் நெற்றியைப் பார்த்தேன். அன்று எங்களுக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். காலையில் கோயிலில் சாமியார் பூசிய சாம்பல் நெற்றியில் அப்படியே இருந்தது. அவர் பெயரும் சைவர்களிடமும் எங்களிடமும் ஒன்றுபோல வழங்குகிற பெயர். விபூதி, ஒருசந்தி, பூசை என்று மூன்றையும் கேட்ட ஒரு சைவர் வேறு என்ன நினைப்பார்?

"நெத்தியைத் தொடைச்சுட்டுப் போறதுதானே?"

"விபூதியைத் தொடைப்பாங்களா?"

"அவரு நம்மளைச் சைவம்னு நெனைச்சுட்டாரு."

"அப்ப ஞாயித்துக்கெழமை சொல்லிருவோம்."

"கேட்டா சொல்லுங்க. கேக்காம நீங்களா வாயைத் தொறந்தீங்க, நான் இந்தப் பிள்ளையைத் தெருவுலதான் பெக்கணும்." கத்தித்தான் சொன்னேன். கேட்டால் மட்டும் சொல்வதாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வீட்டை விற்கிறவர் மாடிப்படிக்குக் கீழேயே எங்களை நிறுத்தினார். திருச்சியில் மகனோடு போய் இருக்க அவருக்கு அவசரம். நாங்கள் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கேக்காததைச் சொல்லாதீங்க சார்" என்றார் மெதுவாக. நான் தலையாட்டினேன்.

காரியதரிசி வீட்டுக் கூடத்தில் மற்ற இரண்டு வீட்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தாலியில் சிலுவை கோத்திருக்கும். அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தேன். பனி குறைந்து வெயில் ஏறிய மாசம். வேர்த்து ஊற்றியது.

"போன மாசம் ஒரு சாயபு கேட்டு வந்தாரு" என்றார் காரியதரிசி. "கடக்கரை ஊர்ல ஏவாரம். தங்கமான மனுசன். ஆனாலும் ஒரே கெணத்துல பொழங்கணும்ல? முடியாதுன்னுட்டோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கெழமையில எப்படிம்மா ஒங்க வீட்டுல?"

"சுத்தபோசனங்க" என்றேன். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டோம் என்பதற்கு எங்கள் வார்த்தை அதுதான். நான் சொன்னது பொய்யில்லை. மற்ற ஆறு நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிணற்றுத் தூணில் நாலு இரும்புக் கொக்கி. ஒவ்வொரு வீட்டுக் கயிறும் வாளியும் அதனதன் கொக்கியில் தொங்கும். ஒரு வீட்டுக் கயிற்றை இன்னொரு வீட்டார் தொடமாட்டார்கள். புதிதாக வருகிறவள் ஒரு வாளி இறைத்துக் காட்ட வேண்டும். காரியதரிசியின் மனைவி என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் விற்கிறவருடைய கயிற்றைக் காட்டினார். அது நாலாவது கொக்கி.

"வயித்தோட இருக்க. பாதி வாளி போதும்" என்றார்.

குனிந்து இழுத்தேன். வாளி மேலே வரும்போது தாலி ரவிக்கையை விட்டு வெளியே விழுந்து அவர் கண்ணுக்கு நேரே ஆடியது. இரண்டு கையிலும் கயிறு. விடவும் முடியாது, மறைக்கவும் முடியாது. அந்த அம்மாள் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள போட்டுக்க" என்றார்.

அவ்வளவுதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவரே முன்னால் போய், "நல்லா இறைக்கிறா. சம்மதம்னு சொல்லிருங்க" என்றார்.

காரியதரிசி மற்ற இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "எங்க மூணு வீட்டுக்கும் சம்மதம். கயிறும் வாளியும் வாங்கிக்கங்க வாத்தியாரே."

எனக்கு மூச்சு வந்தது. எழுந்திருங்கள் என்று இவருக்குக் கண்ணைக் காட்டினேன். இவரும் எழுந்துவிட்டார்.

"பால் காய்ச்ச நாள் பாத்தாச்சா? ஐயருக்கு வேணும்னா நானே சொல்லி விடுறேன்" என்றார் காரியதரிசி.

"வேணாங்க. எங்க சாமியாரே வந்து மந்திரிச்சுக் குடுப்பாரு."

"எந்த மடத்துச் சாமியாரு?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்வதாகத்தானே பேச்சு.

"மடம் இல்லைங்க. எங்க மாதா கோயில் சாமியாரு. நாங்க வேதக்காரங்க."

விற்கிறவர் தரையைப் பார்த்தார். காரியதரிசி என் வீட்டுக்காரரின் வெறும் நெற்றியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு விபூதி பூசியிருந்தீங்களே?"

"அன்னைக்கு எங்களுக்கு விபூதிப் புதன்ங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த நிமிஷம் கட்டின புருஷனை நான் வெறுத்தேன். காரியதரிசி எழுந்தார்.

"நாலு பேரு முன்னால சம்மதம்னு சொல்லிட்டேன். சொன்ன பேச்சை மாத்துற பழக்கம் எனக்கில்லை. வீடு ஒங்களுதுதான்."

சொல்லிவிட்டுக் கொல்லைக்கு நடந்தார். தன் கொக்கியிலிருந்து கயிற்றையும் வாளியையும் கழற்றி எடுத்து வந்து, எங்களைக் கடந்து உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பங்குனி முடிவதற்குள் குடி வந்தோம். மூத்தவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். மேல்வீட்டுக்காரர் இருவரும் கொஞ்ச நாள் தயங்கிவிட்டு மறுபடி கிணற்றில் இறைக்கத் தொடங்கினார்கள். காரியதரிசியின் கொக்கி மட்டும் காலியாகவே கிடந்தது. அவர் வீட்டுக்குத் தண்ணீர் தெருமுனைக் கிணற்றிலிருந்து வந்தது. அவர் பேச்சு மாறாதவர், என் வீட்டுக்காரர் பொய் சொல்லாதவர். இரண்டுக்குமாகச் சேர்த்துக் குடம் சுமந்தது அந்த அம்மாள்தான். எங்கள் கிணற்றடியைத் தாண்டித்தான் தினமும் போய் வருவார்.

ஒருநாள் மத்தியானம் நான் இறைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்குடத்தோடு வந்தார். காரியதரிசி ஊரில் இல்லை.

"அம்மா, ஒரு கொடம் ஊத்துறேன். யாரும் பாக்கலை" என்றேன்.

அவர் நின்றார். என் வாளித் தண்ணீரைப் பார்த்தார்.

"நான் சொன்னதும் நீ உள்ள போட்டுக்கிட்ட" என்றார். "ஒன் வீட்டுக்காரருகிட்டயும் அதையே நான் சொல்லியிருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தெருப்பக்கம் போனார்.