கன்னியப்பன் அண்ணன் கொடுக்காத கடிதங்கள்

சென்ற வாரம் திருப்பதியில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருந்தபோது கன்னியப்பன் அண்ணனின் டிரைவர் சேகர் போன் செய்தான். "அக்கா, அண்ணன் பூட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து ஊருக்கு எத்துகினு போறோம். நீ நேரா அங்க வந்துடு" என்றான். உடனே கிளம்பினேன். அவர் களைத்துப்போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

ஆந்திராவில் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம், தமிழ்நாட்டை ஒட்டிய ஓர் எல்லைக் கிராமத்தில், கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணன். நம் ஒன்றியம் போன்ற மண்டல அளவு அரசியலிலிருந்து மெல்ல மேலே வந்து, ஒரே ஒரு முறை எம்.எல்.ஏ. ஆனார். அந்த ஐந்து வருடமும் அவருடைய சித்தூர் அலுவலகத்தில் தெலுங்குக் கடிதங்கள் எழுதுவது என் வேலை.

ஜெயித்த மறுநாள் காலை வாசல் நிறையக் கூட்டம். வாழ்த்த வந்தவர்கள் என்று நினைத்து மாலைக்குத் தலை குனிந்தார். வந்தவர்களுக்கெல்லாம் திருமலை தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் எம்.எல்.ஏ. என்றால் முதலில் அதுதான். அவர் தரக்கூடியதோ நாளுக்கு ஒன்று. "நானு எம்.எல்.ஏ.வாம்மா, டிக்கெட் கவுண்டரா?" என்று என்னிடம் சிரித்தார். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

அவர் சாதிக்க நினைத்தது ஒன்றுதான்: எல்லைக் கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய். பெண்கள் குடத்தோடு தமிழ்நாட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோப்போ ஒவ்வொரு மேசையிலும் படுத்துக்கொண்டது. ஒருநாள் ஓர் அதிகாரி தன் சம்பந்தி வீட்டாருக்குத் தரிசனக் கடிதம் கேட்டார். அண்ணன் கொடுத்தார். மறுவாரமே கோப்பு அடுத்த மேசைக்குப் போயிற்று. அதன் பிறகு கடிதங்களெல்லாம் அந்த வழியிலேயே போயின. அதிகாரியின் மச்சான், காண்ட்ராக்டரின் மாமியார் என்று முகம் தெரியாதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தேன். வாசலில் நின்ற சொந்த ஊர்க்காரர்களை, "அடுத்த மாசம் பாக்கலாம் நைனா" என்று அனுப்பிவைத்தார்.

கடைசி வருடம் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்குள் ஊரில் பேச்சு முற்றியிருந்தது. வெளியூர்க்காரனுக்குத்தான் லெட்டர், நம்ம ஆள் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்றார்கள். நடந்ததைத் தேர்தல் மேடையில் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சாமி வாசலக் காட்டித் தண்ணி வாங்கினேன்னு மைக்குல சொல்லச் சொல்றியாம்மா? சொன்னா அந்த ஆபீசருங்க நாளைக்கு பைப்பு ரிப்பேருக்குக்கூட வர மாட்டாங்கோ. போவுது, வுடு."

தோற்றார். கட்சியும் அதற்குப் பின் அவரை அழைக்கவில்லை. கடிதம் கேட்டு ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. பதவி போனவன் கையெழுத்து மலையில் செல்லாது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்.

அடக்கம் முடிந்து திரும்பியவர்கள் தெருக்குழாயில் கால் கழுவினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் முகத்தையும் கழுவி, இரண்டு கை அள்ளிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல மனுசன்தாம்மா. ஆனா எம் பேரன் மொட்டைக்கு ஒரு லெட்டர் குடுக்கல பாரு" என்றார். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அவர் குழாயை மூடாமல் எனக்காக நகர்ந்து நின்றார். நானும் கால் கழுவிக்கொண்டேன்.

அண்ணா, இனி உங்கள் வாசலில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். தூங்குங்கள்.