அறுபது பேரும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் வாசுவுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். பளபளவென்று மெரூன் நிறத்தில் ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு, பழைய டட்சன் காரில் கீபோர்டை ஏற்றிக்கொண்டு, கிள்ளான், காப்பார், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே கல்யாண டின்னர் நடக்கிறதோ அங்கே கிளம்பிவிடுவார். செந்தூலில் எங்கள் பிளாட்டில் அவரை யாரும் மீட்டர் வாசு என்று சொல்ல மாட்டார்கள். மியூசிக் வாசுதான். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அவர்கள் குழுவில் மொத்தம் ஐந்து பேர். பாட ஓர் ஆண், ஒரு பெண், டிரம்ஸ், கிட்டார், இவர். சினிமாப் பாட்டு என்றால் கூட்டமாக வயலின் வரும், வீணை வரும், புல்லாங்குழல் வரும். அத்தனையும் இவர் தலையில்தான். வயலினுக்கு இடது கை, வீணைக்கு வலது கை. இரண்டு கையும் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்துப் புல்லாங்குழல் வந்து தொலைத்தால், மைக்கில் விசில் அடிப்பார். இதற்காக வாரம் முழுக்க வீட்டில் கேசட்டை ஓட்டி ஓட்டி ஒரே துண்டைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு ஆன்டிக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

எங்கள் மகள் ரமணி, டின்னர்களில் ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கி வளர்ந்தவள். நாலு வயதில் ஒருநாள் ரேடியோவில் ஏதோ பாட்டு வர, "அம்மா, அப்பா பாட்டப் போடுறாங்க" என்று அடுப்படிக்கு ஓடி வந்தாள். அந்தப் பாட்டையெல்லாம் உண்டாக்கியதே அவள் அப்பாதான் என்று பிள்ளை நினைத்துவிட்டாள். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ரேடியோவில் எது வந்தாலும் அப்பா பாட்டுதான். பத்து வயதாகியும் அவள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள், இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தெரியும்போது தெரியட்டும் என்பார்.

அந்த நாள் தொண்ணூற்றிரண்டில் வந்தது. சென்னையிலிருந்து பெரிய இசைக்குழு ஒன்று வந்து ஸ்டேடியம் நெகாராவில் சினிமாப் பாட்டுகளை வாசிக்கப் போகிறது என்று ஊரே பேசியது. இவர் டின்னருக்கு வாசித்த கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மனசு குளிர்ந்து மூன்று டிக்கெட் கொடுத்தார். ரமணி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா பாட்டயெல்லாம் வாசிக்கப் போறாங்களா?" என்றாள். இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நொண்டிச்சாக்குகள். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது என்றார். மீட்டர் பார்க்கப் போன வீட்டில் நாய் துரத்திக் கால் வலிக்கிறது என்றார். அங்கே உட்கார்ந்துதானே கேட்கப் போகிறோம், ஓடவா போகிறோம் என்றேன். கடைசியில், போவதற்கு முதல் நாள்தான் உண்மை வெளியே வந்தது.

"ஒவ்வொரு பாட்டுக்கும் யாரு மியூசிக்குன்னு மைக்ல சொல்லுவாங்க வள்ளி. அப்புறம் எம் பொண்ணு என்னைய எப்படிப் பார்ப்பா?"

அதுவரை கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மூன்று டிக்கெட்டை வீணாக்க முடியுமா?

எங்களுக்கு மேல் வரிசையில் இடம். மேடையில் அறுபது பேருக்குக் குறையாது. வயலினுக்கே ஒரு கூட்டம். எல்லா வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. முதல் பாட்டே, இவர் எல்லா டின்னரிலும் மாப்பிள்ளை பெண் உள்ளே வரும்போது வாசிப்பது. அறிவிப்பாளர் இசையமைத்தவர் பெயரைக் கணீரென்று சொன்னார். ரமணி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இவர் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடினார்.

மூன்றாவதோ நாலாவதோ பாட்டில் புல்லாங்குழல் வந்தது. தேனாக இழைந்தது. ரமணி மட்டும் எழுந்து நின்று, "விசில விட்டுட்டாங்கம்மா" என்றாள் சத்தமாக. முன் வரிசையில் இருந்த அம்மாள் திரும்பி, அது புல்லாங்குழல் வரவேண்டிய இடம் என்று பொறுமையாக விளக்கினார். அந்த இடத்தில் விசில்தான் வரும் என்று இவள் விடவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் கழுத்து வரை சிவந்துபோனார்.

இடைவேளையில் கச்சாங் பூத்தே பொட்டலம் வாங்கி வந்தார். கடலையில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் பிள்ளை பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, இந்தப் பாட்டெல்லாம் அப்பா போட்டது இல்லம்மா. வேற ஆளுங்க போட்டது. அப்பா கேசட்ல கேட்டு வாசிக்கிறேன், அவ்வளவுதான்."

ரமணி கடலையை மென்று முடித்தாள். "தெரியும்லா. ஸ்டாண்டர்ட் டூல படிக்கிறப்பவே தெரியும்."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கல்ல?"

இவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருக்க, பிள்ளை அப்பாவைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள். இவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடலைப் பொட்டலத்தை எங்களுக்கு மிச்சம் வைக்காமல் காலி பண்ணினார்.

விளக்கு அணைந்து மறுபடி வாசிப்பு ஆரம்பித்தது. இப்போது இவருக்குப் பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வயலின் எழும்பியதும் இடது கை முழங்காலில் ஓட ஆரம்பித்தது. வீணை வந்ததும் வலது கை. புல்லாங்குழல் வரும் நேரத்துக்கு உதடு தானாகக் குவிந்தது. ஒரு பாட்டு முழுக்க மேடையிலிருந்த அறுபது பேரோடு இவரும் அங்கே உட்கார்ந்து தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

ரமணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சும்மா கேளுங்கப்பா. இன்னைக்கு எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க."

கூடவே குடும்பம் நடத்திய எனக்கு ஒருநாளும் இது தோன்றியதில்லை. இவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கேட்டார். அவர் கை அவள் மடியிலேயே கிடந்தது. பாட்டு முடிந்து அரங்கமே எழுந்து நின்றபோதும் அவள் பிடியை விடவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து நான்தான் கை தட்டினேன்.