பெருநாளன்று நோன்பு

ரமலான் மாதத்தில் மாலை அசர் தொழுகை முடிந்ததும் எங்கள் ஏற்காடு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். வர முடியாதவர்களின் வீடுகளுக்கு அதைத் தூக்குப்போணியில் கொண்டு போய்க் கொடுப்பதைப் பல வருடங்களாக நான் செய்து வருகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. குர்ஆன் ஓதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான். பெரிய தருமம் செய்ய வசதியில்லாதவனுக்கு அல்லாஹ் கொடுத்த வேலை இது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் கஞ்சி கொண்டு போன வீடுகளில் ஒன்று, தலைச்சோலை ரோட்டில் இருக்கும் பழைய ஜீப் டிரைவர் ஒருவருடையது. சொந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரியப்பா முறை வைத்து அவரைப் பெரியத்தா என்றுதான் கூப்பிடுவேன். போன மழைக்காலத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். சர்க்கரையும் உண்டு. மனைவி முன்பே மவுத்தாகிவிட்டார். மகள் ஒருத்தி கல்யாணமாகி மலைக்குக் கீழே இருக்கிறாள். மகனும் மருமகளும்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகன் ஏரிக்கரையில் பழக்கடை போட்டிருப்பவன். வாய் சும்மா இருக்காது. "இந்த அன்னாசி இனிக்கலைன்னா திரும்பி வந்து என்னையக் கடிங்க" என்பான் வெளியூர்க்காரர்களிடம். கடைவீதியில் அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது.

முதல் நாள் நான் தூக்கோடு போனபோது வாசலிலேயே வாங்கிக்கொண்டான். "அத்தா நோன்புங்கண்ணா. இப்பத்தான் கண்ணசந்தாரு. தொறக்கற நேரத்துக்குக் குடுத்துடறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உடம்போடு நோன்பா? நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, மாத்திரை சாப்பிடுகிறவர் அல்லவா, நீ எடுத்துச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"நாஞ் சொன்னாக் கேக்கறாரா? நீங்க வேற. பிரேக்கு புடிக்காத ஜீப்பையே கொண்டை ஊசியில எறக்குன ஆளுங்க அவரு" என்று சிரித்தான்.

திரும்பி வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல உடம்பை வைத்துக்கொண்டு பீடிக்காக நோன்பை விடுகிறவர்கள் இருக்கிற ஊரில் இப்படியும் ஒரு மனிதர். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பள்ளியிலும் பேச்சாயிற்று. இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு அவருடைய உடல் நலத்துக்காகத் துஆ கேட்டோம். அடுத்தடுத்த நாட்களிலும் தூக்கை வாசலிலேயே மகன் வாங்கிக்கொண்டான். நோன்பாளியின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நானும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

என் மனைவிதான் ஒரு நாள் சொன்னாள். "அந்த ஊட்டுக் கொடியில பெரியத்தா லுங்கி ஒண்ணக்கூடக் காணோங்க. படுக்கையில கெடக்கற மனுசனுக்குத் தெனமும் தொவைக்கணும். இந்தப் பனியில சட்டுனு காயவும் காயாது. கொடி நெறைஞ்சு கெடக்கணுமே."

நோன்பும் அதுவுமாக அடுத்தவர் வீட்டுக் கொடியை எண்ணிக்கொண்டிருக்கிறாயே என்று அவளைக் கேலி செய்தேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து எல்லோரையும் கட்டித் தழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெரியத்தாவுக்கென்று சர்க்கரை போடாமல் தனியாகக் காய்ச்சிய சேமியாவை மனைவி டப்பாவில் ஊற்றித் தந்தாள். மகன் புதுச் சட்டையில் வாசலில் நின்றிருந்தான். உள்ளே சேலத்திலிருந்து வந்த விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சலாம் சொல்லித் தழுவினேன். பெரியத்தாவுக்கு என் கையாலேயே ஒரு கரண்டி ஊட்டிவிட்டுப் போகிறேன் என்றேன்.

"அத்தா நோன்புங்கண்ணா" என்றான்.

சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அன்றும் அதுவாகச் சொல்லிவிட்டது. பெருநாளன்று யாரும் நோன்பு வைக்கக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆயுசு பூராவும் தொழுத மனிதர் இந்த நாளில் நோன்பு வைத்திருக்கவே முடியாது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"தூங்கறாருன்னு சொல்ல வந்தேன்" என்று சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் இத்தனை நாளும்? வாசலில் கொடுத்த கஞ்சியெல்லாம் யார் குடித்தது? அந்தக் கையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று தோன்றியது. உள்ளே இருந்தவர்கள் காதில் விழும்படி, "பெரியத்தாவுக்குப் பெருநாள் சலாம் சொல்லிட்டுப் போயிடறேன்" என்றேன். விருந்தாளிகளில் ஒருவர், வாங்க வாங்க என்றார். அவர்கள் முன்னால் அவனால் மறிக்க முடியவில்லை.

அவர் இருந்தது பின்பக்கம், பழக்கூடைகள் போட்டு வைக்கும் அறையில். கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. திறந்ததும் அழுகிய பலாப்பழ வாசமும் மூத்திர நாற்றமும் சேர்ந்து அடித்தன. கட்டிலில் மெத்தை இல்லை. சாக்கு விரித்திருந்தது. பெரியத்தாவின் உடம்பு பாதியாகியிருந்தது. உதடு வெடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது. நன்றாக இருக்கிற இடது கையைத் துப்பட்டாத் துணியால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் வாய் அசைந்தது. குனிந்து கேட்டேன். தண்ணி என்றார்.

கட்டை அவிழ்த்துவிட்டு, கூடை மேலிருந்த சொம்பில் இருந்த தண்ணீரை விரலில் நனைத்து நனைத்து உதட்டில் வைத்தேன். குழந்தை மாதிரி என் விரலைச் சப்பினார்.

மகன் பின்னால் வந்து நின்று குரலைத் தாழ்த்திப் பேசினான். "சத்தம் போட்டுறாதீங்கண்ணா, ஆளுங்க இருக்காங்க. தண்ணி குடுத்தாப் படுக்கைய நனைச்சிடறாரு. சோறு குடுத்தா அதுக்கும் மேல. நானும் அவளும் எத்தனை தரம் மாத்தறது? கைய அவுத்து உட்டா விரிச்சத இழுத்து இழுத்துப் போட்டுடறாரு. நீங்க ஒரு நாளு வந்து மாத்திப் பாருங்க, தெரியும்."

வெளியே வந்து நேராக முத்தவல்லி வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் பொறுப்பில் இருக்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வருத்தப்பட்டார், பொய் சொல்ல மாட்டேன். ஆனால், நல்ல நாளில் இதை வெளியே கொண்டு போக வேண்டாம், ஜமாத்துக்குத்தான் தலைகுனிவு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்றார்.

ஒரு முஸ்லிமின் குறையை மூடி மறைப்பது நன்மை என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமை பேசலாம் என்கிறார் என்பதையும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருக்குத் தண்ணி யாரு குடுப்பா?"

நாளை மறுமையில் படைத்த ரப்பின் முன்னால் நிற்கும்போது, அவன் இதே கேள்வியைக் கேட்டால், முத்தவல்லி சொன்னார் என்று என்னால் சொல்ல முடியாது. அப்போதுதான் அவள் ஞாபகப்படுத்தினாள். அரசு ஆஸ்பத்திரியில் அவள் பிரஷர் மாத்திரை வாங்கும் வரிசைக்கு நேராக, வயசானவர்களைக் கொடுமை செய்தால் சொல்வதற்கென்று ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. மாசாமாசம் நிற்கிற இடம், நம்பர் அவளுக்குப் பாதி மனப்பாடம். அங்கே வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் கேட்டு மீதியை வாங்கினோம்.

போனை எடுத்தது ஒரு பெண். எனக்கு வார்த்தை முன்னுக்குப் பின் வந்தது. அவன் கெட்டவன் இல்லைங்க என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் பொறுமையாக, "அவரு நல்லவரா கெட்டவரான்னு நீங்க சொல்ல வேண்டாங்க. கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். சாக்கு, தாழ்ப்பாள், துணிக்கட்டு, உதடு எல்லாம் சொன்னேன். விழித்திருக்கிறாரா, விழுங்க முடிகிறதா என்று கேட்டார். என்னிடம் சாட்சி எதுவும் இல்லையே என்றேன். சந்தேகம் இருந்தாலே சொல்லலாம், நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை என்றார். உள்ளூர் ஸ்டேஷனுக்கும் ஆம்புலன்சுக்கும் இப்போதே சொல்கிறேன், சேலத்திலிருந்து அதிகாரியும் வருவார், நீங்கள் மகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள் என்றார். என் பெயர் வெளியே வராது என்றும் சொன்னார்.

அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று அந்த அறைக்குள் முதலில் போனவன் நான்தான் என்று கடைவீதிக்கே தெரியுமே. இன்று வரை சிலர் என் கடைப்படி ஏறுவதில்லை. முத்தவல்லி சலாமுக்குப் பதில் சொல்கிறார், நின்று பேசுவதில்லை.

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எதிரே ஜீப் ஸ்டாண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு டிரைவர் தீப்பெட்டி வாங்க வந்தான். "பெரியவரக் கீழ மக ஊட்டுக்குக் கொண்டு போகணுமாமுங்க. உடனே வாடான்னு பையன் போன் பண்ணான். பெருநாளும் அதுவுமா என்னங்க அவசரம்?" என்றான்.

முத்தவல்லி நல்ல எண்ணத்தோடு பெரியத்தாவின் மகனுக்குப் போன் செய்து கடிந்துகொண்டிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது. அவன் பயந்துவிட்டான். மலையை விட்டு இறக்கிவிட்டால் வருகிறவர்கள் காலி அறையைத்தான் பார்ப்பார்கள். அந்த உடம்பு கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கிக் கீழே போய்ச் சேருமா என்பதே சந்தேகம். லீவு நாள் கூட்டத்தில் ரோடு முழுக்கக் கார். போலீஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி அதே நம்பருக்குப் பேசினேன். மனைவிக்கும் சொன்னேன்.

நான் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்பே அவள் போய்விட்டிருந்தாள். பிளாஸ்க்கும் ஒரு ஸ்பூனும் கையில். அந்தக் கட்டிலில், நனைந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்து, பெரியத்தாவின் தலையைத் தூக்கிப் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப் வாசலில் நின்றது. மகன் நிலைகொள்ளாமல் நடந்தான்.

"எந்திரிங்க அண்ணி. இது எங்க ஊட்டு விசயம்."

"குடிச்சு முடிக்கட்டும் தம்பி."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல."

"பெருநாளுக்கு ஊட்டுக்கு வந்தவளக் கழுத்தப் புடிச்சுத் தள்ளுவியா?" என்றாள், அவனைப் பார்க்காமலே. அடுத்த ஸ்பூனை வைத்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். அடித்துவிடுவான் என்றே நினைத்தேன். சண்டைக்குப் போகாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஓதியபடி நின்றேன். விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து அந்த அறையை எட்டிப் பார்த்தார்கள். மருமகள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஜீப் டிரைவரும் வந்து பார்த்தான். "இவர உக்கார வெச்சு என்னால எறக்க ஆகாதுங்க" என்றான் மகனிடம். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றான்.

பிளாஸ்க் காலியாகும் முன்பே ஒரு பெண் போலீசும் ஆம்புலன்ஸ்காரர்களும் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். உடம்பு வற்றிப் போயிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். பொழுது சாயும் நேரத்தில் சேலத்திலிருந்து அதிகாரியம்மா வந்தார். பெரியத்தாவிடம் தனியாகப் பேச வேண்டும், எல்லோரும் வெளியே இருங்கள் என்றார். அவர் குழறல் பழக்கப்பட்ட எனக்குத்தான் புரியும், நான் கூட இருக்கிறேன் என்றேன். "உங்க முன்னாலயும் அவரு சொல்லத் தயங்கலாமுங்க" என்றார். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் வெளியே வந்தேன்.

வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சு. மகன் அதில் உட்கார்ந்திருந்தான். வேறு இடமில்லாமல் நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு அடி அடிச்சிருப்பனாண்ணா நான்?" என்றான்.

"அடிக்கலை."

"அவளுக்கு இடுப்பு ஒடைஞ்சு போச்சு. எனக்குக் கடை. ஒரு நாளு தண்ணியக் கொறைச்சேன். அன்னைக்கு நனையலை. மறுநாளும் கொறைச்சேன். நோன்புன்னு சும்மா வாயில வந்துச்சு. நீங்க எல்லாரும் பள்ளியில அவரத் தூக்கி வெச்சுப் பேச ஆரம்பிச்சுட்டீங்க. அப்பறம் யாருகிட்ட வந்து என்னால முடியலைன்னு சொல்றது?"

அவனுக்காக இரங்கவும் முடியவில்லை, அந்த உதட்டை மறக்கவும் முடியவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் தம்பி" என்றேன்.

அதிகாரியம்மா வெளியே வந்தார். பெரியத்தா எல்லாவற்றையும் சொன்னாராம். பேச்சு வராத இடத்தில் இடது கையைக் கட்டில் சட்டத்தில் அழுத்திக் காட்டினாராம். "ஊட்டுக்குத் திரும்பப் போகலைன்னு சொல்லிட்டாரு. இப்போதைக்கு இங்கதான் இருப்பாரு. அப்பறம் மக ஊடா, வேற எடமான்னு அவரு சொல்றபடிதான்" என்றார். மகன் மேல் வழக்குப் பதிவாகும் என்றும் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"பையனப் பாக்கறீங்களான்னு கேட்டேன்" என்றார் பிறகு. "பாக்கணும்னாரு."

அவன் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா காத்திருந்தார். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். அவனைத் தனியாக விடாமல் அவரும் பின்னாலேயே போனார்.