தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த தவிட்டுக்குள் கையை விட்டால் இளஞ்சூடாக இருக்கும். புத்தூர் மில்லில் நைனா நெல் அரைக்க நிற்கும் நேரமெல்லாம் நான் அந்தச் சூட்டில் முழங்கை வரை புதைத்துக்கொண்டு, என்னை எத்தனை மூட்டைக்கு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் சீண்ட, தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "உன்ன தவுடு குடுத்து வாங்கனோம்." மற்றவர்கள் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். என்னால் முடியவில்லை. நைனா, அம்மா, அக்கா மூவருக்கும் கருவிழி. எனக்கு மட்டும் பச்சையும் தேனுமாகப் "பூனக்கண்ணு".

ஒருநாள் மில்காரரிடமே கேட்டுவிட்டேன். அவர் வேலையை விடாமல், "ஆமா, ரெண்டு மூட்ட. வித்தவங்க தவுட திருப்பிக் குடுத்தா புள்ளய எட்துக்கினு போலாம்னு பேச்சு" என்றார்.

அடுத்த வாரம், முன்பின் பார்க்காத ஒரு அம்மாள் எங்கள் எருமைக்கென்று கூடை நிறையத் தவிட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குள் வந்தாள். நான் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டேன். மத்தியானம் நைனா என் காலைப் பார்த்துக் கண்டுபிடித்தபோது, அவள் போய்விட்டாளா என்றுதான் முதலில் கேட்டேன். விஷயம் தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், நைனா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்னைக் காளஹஸ்திக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய சொந்த அக்கா இருந்தார். நான் பிறப்பதற்கு முன் ஏதோ கல்யாணத்தில் வந்த மனத்தாங்கலில், அந்த வாசற்படி மிதிப்பதில்லை என்று நைனா சொல்லியிருந்தாராம். கதவைத் திறந்த அத்தைக்கு என் கண்ணே இருந்தது.

நைனா படிக்கு வெளியிலேயே நின்று, "எக்கா, இவன் யாருன்னு நீயே சொல்லு" என்றார்.

அத்தை என் மோவாயைப் பிடித்துப் பார்த்தார். "என்னயும் தவுடு குடுத்து வாங்கனோம்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. உள்ள வாடா."

அந்த "டா" எனக்கா நைனாவுக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் உள்ளே போனோம். ஊருக்குத் திரும்பியதும் அம்மா, நான் பார்த்தேயிராத தன் அப்பாவுக்கும் பூனைக்கண்தான் என்றார்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, இது எப்படி என்று பத்தாவதோடு நின்ற எனக்கு, மகளின் அறிவியல் புத்தகத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது. நாம் எல்லாரும் ஒரே ஒரு செல்லாகத் தொடங்குகிறோம். அதிலுள்ள குரோமோசோம்களில் பாதி அம்மா தந்தது, பாதி அப்பா தந்தது. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரியும்போதெல்லாம் செல் அவற்றை முதலில் நகல் எடுத்துக்கொள்கிறது, அதனால் கண்ணில் இருக்கும் அதே மரபணு குதிகாலிலும் இருக்கிறது. கருமுட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் பிரிவு வேறு மாதிரி: பாதிதான் போகும், எந்தப் பாதி என்று யாரும் சொல்ல முடியாது. கண் நிறத்துக்குப் பல மரபணுக்கள் காரணம் என்கிறார்கள். எளிதாகச் சொன்னால், நைனாவிடமும் அம்மாவிடமும் கருப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்ததே எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபம். வீட்டில் எருமையும் இல்லை, தவிடும் இல்லை. என் மகள் தம்பியிடம், "உன்ன ஆன்லைன்ல வாங்கனாங்க" என்கிறாள். போன வாரம் அவன் என்னிடம் வந்து, தான் வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டான். என்னைப் போலில்லாமல் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் கருவிழி. அத்தை உயிரோடு இருந்திருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பேன்.

ஷேவிங் கண்ணாடி முன்னால் அவனைத் தூக்கிப் பிடித்து, என் கண்ணில் இருப்பது அவனுக்குள்ளும் வந்திருக்கிறது, வெளியே தெரியாமல் இருக்கிறது என்றேன். தன் கண்ணையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்காவுக்குள்ளயும் ஒளிஞ்சிக்கினு இருக்குதா நைனா?" என்றான். ஆமாம் என்றதும் இறங்கி ஓடி, படித்துக்கொண்டிருந்தவளின் இமையை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான்.